பிக்கப்பில் அப்பா, ரேடியோவில் இரைச்சல்: விஷ்ராந்த்வாடியிலிருந்து லோனாவாலா வரை

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அப்பாவைப் பன்வேலில் இருக்கும் அக்கா வீட்டில் பத்து நாள் விட்டுவரலாம் என்று கிளம்பினேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, மறதி நோய். எனக்குப் புனே விஷ்ராந்த்வாடியில் இட்லி மாவு வியாபாரம். ஒரு கையில் கிரைண்டர், மறு கையில் அப்பா என்று நான்கு மாதம் தள்ளியதில் எனக்கே தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. ஞாபகம் தப்பிய பெரியவர்களை மழைக்காலத்தில் இந்தப் பக்கம் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அருவிப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுக்கிற நிலையில் நான் இல்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதம் வாங்கிய புது பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மாவு டப்பாக்கள். ரேடியோவும் கூடவே வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? வாங்கிய வாரத்திலிருந்தே எந்த நிலையத்தைத் திருப்பினாலும் 'உஸ்ஸ்' என்று இரைச்சல், அதற்கு அடியில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல். மூன்று தடவை சர்வீசுக்கு விட்டேன். ஏரியலை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள். மூன்று தடவையும் அவர்கள் இடத்தில் ரேடியோ கணீரென்று பாடியது. நான் என்னமோ பொழுதுபோகாமல் வந்து நிற்பதுபோல சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை கிளப்பினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஒரு ரேடியோவுக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். அங்கே எங்காவது 'உஸ்ஸ்' என்று கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். என் பெயர் மறந்துபோகும் நாட்களிலும் அந்தப் பாடம் அவருக்கு மறக்கவில்லை. சரி, ரேடியோவே வேண்டாம் என்று நிறுத்தினால் அது இன்னும் மோசம். வண்டிக்குள் சத்தமில்லாவிட்டால் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பென் டிரைவில் பாட்டுப் போட்டால், "ஆள் எங்க?" என்பார். நடுநடுவே ஒருவர் மராத்தியில் நேரம் சொல்ல வேண்டும், செய்தி வாசிக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டால்தான் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று அவருக்கு நம்பிக்கை.

அதனால் போனில் ரேடியோ ஆப் போட்டுக்கொண்டு காலை 8.10-க்குப் புறப்பட்டோம். பன்வேல் கிட்டத்தட்ட 115 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ்வேயில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதால் பழைய மும்பை சாலையைத் தேர்ந்தெடுத்தேன். டீசல் 1,400 ரூபாய்க்குப் போட்டேன். தேஹு ரோடு, தளேகாவ் எல்லாம் சுகமாகத்தான் தாண்டினோம். தளேகாவ் பேக்டரிகளைப் பார்த்துவிட்டு அப்பா, "ஷிப்ட் விட்டாச்சு" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

காம்ஷெட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நெட் போய்விட்டது. போனில் செய்தி வாசித்தவர் பாதி வார்த்தையில் நின்றார். நான் சுதாரிப்பதற்குள் அப்பா கையை நீட்டி வண்டி ரேடியோவைத் திருப்பினார். 'உஸ்ஸ்'. அடுத்த நொடி அவர் பக்கத்துக் கதவு திறந்துவிட்டது. வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. மழை உள்ளே அடித்தது, பின்னால் லாரி ஹாரன் அலறியது. இடது கையால் அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். சீட் பெல்ட் போட்டிருந்ததால் அவர் வண்டிக்குள் இருந்தார். அன்றைக்குச் சட்டையை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஓரங்கட்டி, ரேடியோவை அணைத்து, கதவைச் சாத்தி, மறுபடி ஓட்டினேன். கியர் மாற்றும்போது மட்டும் அவர் மணிக்கட்டை விட்டேன். எனக்குத் தெரிந்த மராத்தியில் நானே செய்தி வாசித்துக்கொண்டு போனேன்.

10.20-க்கு லோனாவாலா. ஒரே பனிமூட்டம். சாலையோரம் ஒரு டீக்கடை, அதன் பக்கத்தில் மும்பைக்குப் போகும் காய்கறி டெம்போக்கள் வரிசையாக நின்றன. டீ குடிக்கலாம் என்று நிறுத்தினேன். வைப்பர் ஆடுவதைப் பார்த்தால் அப்பா அமைதியாக இருப்பார் என்று சாவியை வண்டியிலேயே விட்டு, இரண்டு டீ வாங்க இறங்கினேன். டீ நாற்பது ரூபாய். சில்லறை வாங்கித் திரும்பினால் அப்பா பக்கக் கதவு திறந்து கிடக்கிறது. சீட் காலி. ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. அவரேதான் போட்டிருக்க வேண்டும்.

அந்த நேரத்துப் பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி, அதற்குள் லாரிகள் வருகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். டீக்கடைக்காரர் ஒரு பக்கம் தேடப் போனார். அப்போதுதான் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா ஞாபகம் வந்தது. விபத்து நடந்தால் சாட்சி வேண்டுமே என்று, வண்டி வாங்கிய வாரமே நான் மாட்டிய கேமரா. கிட்டத்தில் வைத்துப் பார்க்க அதை ஒயரோடு பிடுங்கினேன். பிடுங்கிய கணமே இரைச்சல் நின்றது. ஒரு மனிதர் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெளிவாக மராத்தியில் செய்தி வாசித்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரைச்சலுக்குக் காரணம் அந்தக் கேமராதான். ஒவ்வொரு முறை சர்வீசுக்கு விடும்போதும், யாராவது திருடிவிடுவார்கள் என்று கேமராவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். அங்கே ரேடியோ ஏன் பாடாது? ஆனால் தலையில் அடித்துக்கொள்ள நேரமில்லை. தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கேமராவின் குட்டித் திரையில், பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தபோது, அப்பா வண்டிக்கு முன்னால் குறுக்கே நடந்து, டெம்போ வரிசைப் பக்கம் போவது தெரிந்தது.

மூன்றாவது டெம்போவில், கொத்தமல்லி மூட்டைகளுக்கு முன்னால், டிரைவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே செய்தி அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்து கையைப் பிடித்தேன். அப்பா கையை உதறிவிட்டு டிரைவரிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். டிரைவர் என்னைப் பார்த்து இந்தியில் நிதானமாகக் கேட்டார்.

"இந்தப் பெரியவர் உங்களைத் தெரியாதுன்னு சொல்றாரே. நீங்க யாரு?"

இவருடைய மகள் என்றேன். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, அப்பாவின் முகத்தோடு ஒப்பிட்டு, அதற்குப் பிறகுதான் தலையசைத்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் அப்பா இறங்கவில்லை. இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பயந்து பார்த்தார். என்னைப் பார்த்து அவர் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இழுக்க மனம் வரவில்லை. என் பிக்கப்பைக் கொண்டுவந்து டெம்போவை ஒட்டி நிறுத்தி, கதவைத் திறந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். டிரைவர் புரிந்துகொண்டு தன்னுடையதை மெதுவாகக் குறைத்தார். அப்பா தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தானாகவே இறங்கி வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

"உங்க வண்டில ரேடியோ நல்லா எடுக்குதும்மா," என்றார். "கொஞ்சம் சீக்கிரம் போங்க. வீட்ல என் பொண்ணு தனியா இருக்கா. பயந்துடுவா."

"வீடு எங்கங்க?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"விஷ்ராந்த்வாடி."

வண்டியைத் திருப்பினேன். அக்காவுக்குப் போன் செய்து இன்னொரு நாள் என்றேன். ஆகவே லோனாவாலாவுக்கு அப்பால் சாலை எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அதுவரைக்கும் என்றால் சொல்கிறேன். மழையில் இந்த 62 கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காம்ஷெட்டுக்குப் பிறகு போன் நெட்டை நம்பாதீர்கள். வண்டி ரேடியோ இரைந்தால், சர்வீசுக்கு ஓடுவதற்கு முன் சார்ஜர், கேமரா என்று நீங்களாகச் செருகிய எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கேட்டுப்பாருங்கள். பெரியவர்களைப் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாதபடி சைல்ட் லாக் உள்ள பின்சீட்டில் உட்காரவையுங்கள், என்னுடையதுபோல இரண்டு சீட் வண்டியில் வேண்டவே வேண்டாம். அவர்கள் சட்டைப் பையில் உங்கள் படமும் நம்பரும் இருக்கட்டும். டீ வாங்க என்றால்கூடத் தனியே விட்டுப் போகாதீர்கள். இருவராகப் போக முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நான் இனிமேல் அப்படித்தான்.

மதியம் ஒரு மணிக்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். அப்பா எனக்கு நன்றி சொல்லிவிட்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்தார். அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் வண்டியை எதிரிலேயே நிறுத்திவிட்டு வந்தேன். மறுபடியும் யாரென்று கேட்டால் என்ன சொல்வது?

அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போயிட்ட?" என்றார். "உன்னக் காணோம்னு நான் பயந்தே போயிட்டேன்."