கிளட்ச் இல்லாத வண்டி

சகலை என்று ஒருவர் இல்லாதிருந்தால் நான் அந்தக் காரை வாங்கியே இருக்க மாட்டேன். சகலை என்றால் என் மனைவியின் லாத்தாவை, அதாவது அக்காவைக் கட்டியவர். காரைக்காலில் எங்கள் ஜனங்களிடம் வீடு பெண்ணுக்குத்தான்; கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். என் மாமனார் தம் இரண்டு பெண்களுக்கும் ஒரே மனையில் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு மவுத்தாகிப்போனார். நடுவில் ஒரு சுவர், வாசலுக்கு ஒரே கேட். மாமி இந்த வீட்டில் பாதி நாள், அந்த வீட்டில் பாதி நாள். இப்படி ஓர் ஏற்பாட்டில் இரண்டு மாப்பிள்ளைகளையும் எந்நேரமும் நிறுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். நான் ஊரில் இல்லாத காலமெல்லாம் எடை அவர் பக்கம்தான் இருந்தது.

நான் குவைத்தில் பதினைந்து வருஷம் ஒரே வீட்டுக்கு டிரைவராக இருந்தேன். ஊரை விட்டுப் போகும்போது எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். கார் பழகியது, லைசென்ஸ் எடுத்தது எல்லாம் அங்கேதான். அந்த வீட்டில் எத்தனையோ வண்டி மாறியது, ஒன்றிலும் கிளட்ச் கிடையாது. கம்பியை டி என்ற எழுத்துக்கு இழுத்துவிட்டால் போதும், கியர் தானாக மாறிக்கொள்ளும். முதலாளியின் தாயார் பின் சீட்டில் அரபிக் காப்பியான காவா குடித்துக்கொண்டே வருவார். கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பை. நான் ஓட்டிய காலத்தில் அதிலிருந்து ஒரு சொட்டு அவர் மடியில் சிந்தியதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வார்கள்?

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். வந்த மாதமே மச்சினன் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜோடித்த கார் வாசலில் நிற்கிறது, வாடகை டிரைவரைக் காணோம். தெரு அடைத்து ஜனம். சகலை சாவியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். குவைத் டிரைவரே நம் வீட்டில் இருக்கும்போது வாடகை ஆள் எதற்கு என்று எல்லார் காதிலும் விழுகிறபடி சொன்னார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். காலடியில் மூன்று மிதி இருந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மாப்பிள்ளை கொடுப்பான்? தெரிந்த மாதிரி எதையோ மிதித்தேன். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி கிளப்பினேன், மறுபடி குதித்தது. அடுத்த தடவை நேரே பந்தல் காலில் போய் முட்டியது. பின் சீட்டில் இருந்த மச்சினன் முகத்தில் கட்டியிருந்த பூச்சரம் அறுந்து அவன் மடியிலேயே விழுந்தது. அவன் இறங்கிப்போய் வேறு வண்டியில் ஏறிக்கொண்டான்.

நானும் இறங்கி, அங்கே நான் ஓட்டியதெல்லாம் கிளட்ச் இல்லாத வண்டி என்று சொன்னேன். சகலை விட்டாரா?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். "தம்பி அங்க ஒட்டகம் மேச்சிருக்கும் போலருக்கு."

தெருவே சிரித்தது. மாமி சிரித்தார். சிரிக்கட்டும், அதெல்லாம் போகட்டும். ஜன்னலோரம் நின்றிருந்த என் மனைவி முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அதை நான் பார்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒட்டகம் என்று பேர் விழுந்தது. பேர் விழுந்தால்கூடப் பரவாயில்லை, சந்தேகம் விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் டிரைவர் வேலை என்று போய், அங்கே பாலைவனத்தில் ஆடு மேய்த்துவிட்டு, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு டிரைவர் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். குவைத்தில் வண்டிகளோடு எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். கார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாமே என்றார் சகலை. அவருக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"கோவப்படாதீங்க. அங்க நெசமா என்ன வேலதான் பாத்தீங்க? எதா இருந்தாலும் நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆடு மேய்க்கிறது நபிமாருங்க பாத்த வேலதானே?"

கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. பதினைந்து வருஷ உழைப்பை ஒரு பந்தல் காலில் முட்டியதற்காகப் பொய் என்று ஆக்கிவிட்டார்கள், அதுவும் கட்டிய பெண்டாட்டி வாயாலேயே. சகலையைப் பழிவாங்காமல் இந்த ஊரில் எனக்குத் தூக்கமில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இவளும் என்னை டிரைவர் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

கிளட்ச் வண்டியைப் பழகிக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று கூட்டாளி ஒருவன் சொன்னான். எனக்கும் தெரியும். ஆனால் எல் போர்டு மாட்டிய வண்டியில் நான் காரைக்கால் கடைத்தெருவைச் சுற்றினால் சகலைக்கு அதைவிட என்ன பண்டிகை வேண்டும்? நான் ஓட்டிய மாதிரி வண்டியைத்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புதுசுக்கு வக்கில்லை. பழைய வண்டி புரோக்கரிடம் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். ஒன்று இருக்கிறது, பெட்ரோல் வண்டி, சின்னக் கார், ஆனால் அதைத் தொட இந்த வட்டாரத்தில் மெக்கானிக்கே பயப்படுகிறான், வாங்கினால் திரும்ப விற்கவே முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னார். எனக்கு விற்கிற எண்ணமே இல்லை என்றேன்.

காரின் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். இடது முழங்கால் மடங்காமல் போனதால் கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார். இப்போது கண்ணும் மங்கிவிட்டது. கார் உறை போட்டு நின்றது. நான் ஆற அமரப் பார்த்தேன். உப்புக் காற்றில் அடித்தகடு துருவேறியிருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தேன். கியர் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து மோந்தேன். சிவப்பு மாறவில்லை, தீய்ந்த வாடை இல்லை.

பெரியவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓட்டும்போது எடது காலை எங்க வச்சுக்குவீங்க?"

சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொள்வேன், அதற்கு வேலையே கிடையாது என்றேன். உடனே சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் மகன் லீவில் வந்தபோது இதை ஓட்டினானாம். கிளட்ச் பழகிய கால் சும்மா இருக்குமா? கியர் மாற்றுகிற நினைப்பில் இடது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்திருக்கிறான். அங்கே இருந்தது பிரேக். பெரியவரின் கண்ணாடி டேஷ்போர்டில் மோதி உடைந்துபோயிற்று. கிளட்ச் வண்டிக்காரன் எவனாக இருந்தாலும் முதல் நாள் இதைச் செய்தே தீருவான் என்றார். நான் தலையாட்டிக்கொண்டு அந்தப் பேச்சைப் பத்திரமாக மனசில் முடிந்துகொண்டேன்.

அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தேன், கோட்டுச்சேரிமேடு வரை கடலோரமாக ஓட்டிப் பார்த்தேன். ரிவர்ஸுக்கு மாற்றினால் ஓர் உதறல் இல்லை. விலை படிந்தது. என்ன விலை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் சகலை இன்றைக்கும் சிரிப்பார். அந்த வண்டியையே கொண்டுபோய் எட்டுப் போட்டு இங்கத்து லைசென்ஸும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தெரு பார்க்க வேண்டும் என்றே சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து ஜனம் வருகிற நேரமாகப் பார்த்து வந்தேன். கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இடம் இருக்காது. திரும்பிப் பார்த்து ஒரே மூச்சில் ரிவர்ஸில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். மாமி வாசலுக்கு இறங்கி வந்து பார்த்தார். சகலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இது நொண்டிக்குன்னு செஞ்ச வண்டி தம்பி. இத கொரங்குகூட ஓட்டும்," என்றார்.

அவ்வளவுதான். வாங்கிய வண்டியால் வந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவனுக்காகவே விற்கிற வண்டி, ஒட்டகம் மேய்த்தவனுக்குச் சரியான வண்டி என்று தெருவில் பேச்சு. என் மனைவி வண்டியில் ஏறுவாள், நன்றாகத்தான் இருக்கிறது என்பாள். டிரைவர் என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. நான் கறுவிக்கொண்டே இருந்தேன். ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் கொக்கு நிற்குமே, அந்த நிற்பு.

உறுமீன் தானாக வந்தது. சகலையின் மகளுக்குத் திருமலைராயன்பட்டினத்தில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுபோக வேண்டும். சகலையின் வேன் அன்றைக்கென்று பட்டறையில் கிடந்தது. என் காரில் போகலாம் என்று மாமி சொல்லிவிட்டார். ஆனால் நான் ஓட்டி, சகலை பக்கத்தில் உட்கார்ந்து சம்பந்தி வாசலில் இறங்குவதா? அவருக்குப் பொறுக்குமா? நுணலும் தன் வாயால் கெடும்.

"சாவியக் குடுங்க தம்பி. கொரங்கு ஓட்டுற வண்டிய நா ஓட்ட மாட்டேனா?" என்றார்.

சந்தோஷமாகக் கொடுத்தேன். இது ஆக்சிலேட்டர், இது பிரேக், கம்பி டியில் இருந்தால் வண்டி போகும், அவ்வளவுதான் நானா என்று, அண்ணன் முறை வைத்து மரியாதையாகச் சொல்லிக் கொடுத்தேன். இடது காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பின் சீட்டில் மாமி மடியில் வட்டிலப்பத் தூக்கோடு நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பக்கம் லாத்தா, மறுபக்கம் என் சீட்டுக்குப் பின்னால் என் மனைவி. நான் முன்னால் உட்கார்ந்து டேஷ்போர்டில் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

தெருவைத் தாண்டும் வரை நன்றாகவே ஓட்டினார். பள்ளிவாசல் முனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார். இன்ஜின் சத்தம் ஏறியது. கியர் மாற்றச் சொல்லிக் கால் கேட்டிருக்கும். இடது காலைத் தூக்கி, முரட்டுக் குதிரை மாதிரி ஓர் உதை உதைத்தார்.

கார் நடுரோட்டில் அப்படியே நின்றது. வட்டிலப்பத் தூக்கு பறந்துபோய் சகலையின் பிடரியில் கவிழ்ந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியுமாக வெள்ளைச் சட்டைக் காலருக்குள் வழிந்தது. டீக்கடையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"வண்டில ஏதோ கோளாறு தம்பி," என்றார் சகலை.

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்துக் கிடந்தேன்! கதவைத் திறந்து இறங்கி, டீக்கடைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நானா."

கடையில் இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு உள்ளே பெருநாள். என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திரும்பினேன். அவள் முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். துணி சிவந்துகொண்டே வந்தது. நான் உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகில் மோதி அவள் மேலுதடு கிழிந்திருந்தது.

சகலை சட்டை மாற்ற மாமியையும் லாத்தாவையும் கூட்டிக்கொண்டு தெருவோடு நடந்தே போனார். நான் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தேன். திரும்பும் வழியில் உதட்டை அசைக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"மச்சான் மிதிப்பாருன்னு ஒங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் நான் டிரைவரே இல்லை, ஒட்டகம் மேய்த்தவன்தான். தெரியும் என்றால், தெரிந்தேதான் அவளைப் பின்னால் உட்காரவைத்தேன் என்று ஆகிவிடும்.

"தெரியும்," என்றேன்.

"அப்ப நீங்க நெசமாவே டிரைவர்தான்," என்றாள்.

தையல் பிரிக்கப் போகிற அன்று அவளுக்கு முன் கதவைத் திறந்துவிட்டேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி பின் கதவைத் திறந்து ஏறி, முதலாளியம்மா போல நடுவில் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் வா என்று கூப்பிட்டேன்.

"டிரைவர்னு நம்பிட்டேன்ல? வண்டிய எடுங்க."

சகலை கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தெருவில் யாரும் என்னை ஒட்டகம் என்று சொன்னதில்லை, டிரைவர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். அவளும் அதன் பிறகு முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. சில நாள் கையில் டீ டம்ளரோடு பின்னால் ஏறுவாள். வேண்டுமென்றேதான் விளிம்பு வரை ஊற்றிக்கொண்டு வருவாள். நான் இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்டிக்கொண்டு போவேன்.