றோசமலரின் நாற்பத்தொரு வயதுப் பரு

றோசமலருக்கு முகப்பரு வந்தபோது வயது நாற்பத்தொன்று. மன்னாரில் கூடப் படித்த பெட்டையள் எல்லாம் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு திரிந்த வயதில் அவளுக்கு ஒரு பரு வந்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள். இப்போது இத்தாலியில், பலேர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், தாடையோரம் ஏழெட்டுப் பரு வரிசையாக வந்து குந்திவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்தியசபை கூடியது. உடம்புச் சூடு என்றாள் மாக்கிரட். எண்ணெயில் பொரித்த அரஞ்சீனாச் சோற்றுருண்டை தின்றதன் பலன் என்றாள் அற்புதமலர். அதைச் சொல்லும்போது அவள் கையிலும் ஒரு அரஞ்சீனா இருந்தது. அடுத்த நாள் வேலைவீட்டில் சிஞ்ஞோரா ஈரல் பழுதென்றார். ஹோட்டலில் கோப்பை கழுவும் புருசன் விமலராஜ், "நீ இப்பதான் வயசுக்கு வந்திருக்கிறாய் போல" என்றான். அன்று அவனுக்கு இரவுச் சாப்பாடு பாணும் தண்ணியும்.

றோசமலர் தரையில் கறை கண்டால் விடாதவள். முகத்தையும் அப்படியே நடத்தினாள். ஒரு நாளைக்கு ஆறு தரம் கழுவினாள், அதுவும் கோப்பை கழுவும் சவர்க்காரத்தால். எலுமிச்சம்புளி தேய்த்தாள், பற்பசை அப்பினாள், கண்ணாடிக்கு முன் நின்று நகத்தால் நசுக்கினாள். முகம் சிவந்து எரிந்தது. பரு அசையவில்லை.

பிறகுதான் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் குணரத்தினத்திடம் போனாள். அரிசி, கருவாடு, அகர்பத்தி எல்லாவற்றுக்கும் நடுவில் அவரிடம் ஒரு சின்னக் கிறீமும் இருந்தது.

"அக்கா, ஒரு கிழமை பூசுங்கோ. முகம் அவிச்ச முட்டை மாதிரி வரும்."

வந்தது. அதுதான் கொடுமை. ஒரு கிழமையில் முகம் வெளுத்துப் பளபளத்தது. கோயிலில் நாலு பேர் ரகசியமாகக் கிறீமின் பேர் கேட்டார்கள். மூன்றாம் மாதம் எல்லாம் திரும்பி வந்தன, இந்த முறை சொந்தபந்தங்களோடு. கன்னம், நெற்றி எங்கும் ஒரே அளவில் சிவப்புப் பொக்குளங்கள். கிறீமை ஒரு நாள் விட்டால் முகம் நெருப்பாக எரிந்தது, பூசினால் அடங்கியது. ஆகவே பூசிக்கொண்டே இருந்தாள்.

பதினேழு வயது மகள் ஜெசிக்காதான் தோல் டாக்குத்தரிடம் நாள் எடுத்தாள். வைத்திய இத்தாலியன் தாய்க்கு ஓடாது என்று தானும் கூடப் போனாள். டாக்குத்தர் நரைத்த தலையும் சிரிக்காத முகமுமான பெண்.

முகத்துக்கு என்ன பாவிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை. தண்ணி மட்டும்தான்" என்றாள் றோசமலர்.

"அம்மா, பொய் சொல்லாதேங்கோ" என்று ஜெசிக்கா ஒரு கடைப்பையை மேசையில் கவிழ்த்தாள். சவர்க்காரம், பற்பசை, பாதி எலுமிச்சை, தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய், கிறீம். பொலிஸ் பிடித்த களவுச் சாமான் மாதிரி டாக்குத்தர் அவற்றை வரிசையாக வைத்தார்.

அவர் சொன்னதை ஜெசிக்கா துண்டு துண்டாகத் தமிழாக்கினாள். "தோலிலை சின்னச் சின்ன ஓட்டையள் இருக்காம். உள்ளையிருந்து எண்ணெய் வரும். செத்த தோலும் எண்ணெயும் சேர்ந்து ஓட்டையை அடைச்சால் கிருமி பெருகி வீங்குமாம். ஊத்தையாலை வாறதில்லையாம், அம்மா. உங்கடை வயசிலை ஓர்மோன் மாறுறதாலை தாடையிலை வருமாம், மாதவிலக்குக்கு முன்னம் கூடுமாம். நீங்கள் உரஞ்ச உரஞ்சத் தோல் இன்னும் கோவிக்குமாம். தலையிலை வைக்கிற எண்ணெய் நெத்திக்கு இறங்கினாலும் அடைக்குமாம்."

"அரஞ்சீனா?"

டாக்குத்தர் யோசித்தார். சிலருக்கு இனிப்பும் பாலும் கூட்டலாம், ஒரு அரஞ்சீனாவைத் தூக்கில் போட ஆதாரம் போதாது என்றார். பிறகு கிறீமின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"இதுக்குள்ளை ஸ்டெரொயிட் இருக்காம்" என்றாள் ஜெசிக்கா. "இது பருவை மாத்தேல்லையாம். அதின்ரை வாயைப் பொத்தி வைச்சிருந்ததாம். இந்தப் பொக்குளமும் எரிவும் கிறீமாலைதானாம்."

கிறீம் நிறுத்தப்பட்டது. சில கிழமைக்குக் குளிசை, காலையும் மாலையும் மென்மையான கழுவல், எண்ணெய்ப்பிடிப்பில்லாத பூச்சு, வெயிலுக்கு ஒன்று. முகம் அடங்கிய பிறகு இரவில் பூச ஒரு ஜெல். நகம் முகத்தில் படக்கூடாது. முதலில் இன்னும் மோசமாகும், மூன்று மாதம் பொறுக்கவேண்டும் என்று டாக்குத்தர் எச்சரித்தே அனுப்பினார்.

மோசமானது. இரண்டாம் கிழமை மாக்கிரட்டின் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள். றோசமலர்தான் ஞானத்தாய். முகமோ சுட்ட தக்காளி. காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். படம் எடுக்கும்போது, "நீ கொஞ்சம் பின்னுக்கு நில்லன்" என்றாள் மாக்கிரட், அன்பாகத்தான். றோசமலர் முன்வரிசையில் பிள்ளையின் தோளைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது அவள்தான்.

அடுத்த நாள் கோபத்தோடு குணரத்தினத்தின் கடைக்குப் போனாள். சனம் நிறைய நின்றது.

"இதுக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரிஞ்சே வித்தனீங்கள்?"

குணரத்தினம் குழம்பிப்போனார். "எனக்குத் தெரியாதக்கா. நானும் இதைத்தானே பூசுறன், ரெண்டு வருசமா."

அப்போதுதான் அவள் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தாள். தாடிக்கு மேலே சிவப்புத் திட்டுகள், மூக்கில் மெல்லிய நரம்புகள், கன்னத்தில் அதே பொக்குளங்கள். 

"எரியுதே?" என்று கேட்டாள்.

"விட்டால் எரியும்."

"ரெண்டு வருசமெண்டால் நீங்களாச் சட்டெண்டு விடாதேங்கோ. டாக்குத்தரைக் கேட்டு விடுங்கோ" என்று கருவாடு சுற்றும் கடதாசியில் டாக்குத்தரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தாள். விற்க வைத்திருந்த மிச்சக் கிறீம்கள் அவள் பார்த்துக்கொண்டிருக்கவே குப்பைப்பைக்குள் போயின. வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அந்த இலக்கத்தைத் தங்கள் போனிலும் போட்டுக்கொண்டார்கள்.

நாலாம் மாதம் றோசமலரின் கன்னம் தெளிந்தது. கன்னத்தில் சில தழும்புகள் நின்றுவிட்டன. மாதத்துக்கு ஒரு தரம் தாடையில் இரண்டு வரும். அவை வரும், நாலு நாள் இருக்கும், போகும். அவள் அவற்றில் கைவைப்பதில்லை.