டிக் டிக் அக்காவின் ஆறிய டீ

மூடி போட்ட கோப்பையோடு, அறுவை முடிந்தவரின் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து நிற்பார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று ஒரு சொடுக்கு. கட்டிலில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால், மூடியைத் திறந்து, ஆடை படிந்து ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிடுவார். திரும்பாவிட்டால் மூலையிலிருக்கும் தொட்டியில் ஊற்றிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார். அவர் சூடாக டீ குடித்து அந்த மருத்துவமனையில் ஒருவரும் பார்த்ததில்லையாம். கேட்டால், "ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி எதுக்கு டீ? நான் என்ன விருந்துக்கா வந்திருக்கேன்?" என்பார்.

டிக் டிக் அக்கா என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். ஐம்பதைத் தாண்டிய குள்ள உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, எதையோ தொலைத்துவிட்ட மாதிரி ஒரு முகம். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி வந்தவர்களுக்கு அறுவை நடக்கும்போது, கேட்கும் திறன் போய்விடாமல் காவல் இருப்பது அவர் வேலை. மயங்கிக் கிடப்பவரின் காதில் ஒரு பஞ்சு அடைப்பைச் செருகி, மெல்லிய குழாய் வழியாக 'டிக் டிக்' என்று சத்தம் அனுப்பிக்கொண்டே இருப்பார். அது நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத் தலையில் ஒட்டிய கம்பிகள் திரையில் அலைகளாகக் காட்டும். அலை தளர்ந்தால் "சார், கை!" என்று ஓர் அதட்டல். பெரிய டாக்டர் அப்படியே சிலையாகிவிடுவார். வீட்டில் அவர் மனைவி அதட்டினால்கூட இப்படி நிற்கமாட்டாராம்.

அந்தச் சத்தம் அக்காவின் நாக்கிலேயே குடியேறிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், கேன்டீன் வரிசையிலும் டொக், டொக். பக்கத்தில் நிற்பவர்களுக்கு எரிச்சல் வரும், அவருக்குத் தெரியவே தெரியாது.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் வலது காது போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதை வைத்துக்கொண்டுதான் உத்தியோகம், குடும்பம், சண்டை எல்லாம் நடத்திவந்தேன். என் வீட்டுக்காரர் செல்லமாக 'ஒத்தக்காது' என்று கூப்பிடுவார். அந்த ஒற்றைக் காதின் நரம்பில்தான் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து அவர் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஸ்கேனைவிட என்னைப் பயமுறுத்தியது அதுதான். கட்டியை விட்டுவைத்தால் அதுவே காதைத் தின்றுவிடும், எடுக்கப்போனால் எடுக்கும்போதே போய்விடலாம் என்றார் பெரிய டாக்டர்.

அறுவை முடிந்த மறுநாள் தலைக்குப் பின்னால் 'டொக்'. திரும்பினேன். வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நடுவில் அலைகள் மொத்தமாக மறைந்துபோனதையும், அக்கா அதட்டியதையும், உடனே நிறுத்தி, நரம்போடு ஒட்டிய துண்டை மட்டும் உள்ளேயே விட்டதையும் டாக்டர் அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதனால் எழுந்து அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மட்டும் இல்லன்னா..."

அக்கா டீயைக் குடிக்கவில்லை. நேரே போய்த் தொட்டியில் ஊற்றினார்.

"கும்பிடாதீங்க சார். உங்க வீட்டம்மா நரம்புக்கு ஒண்ணுமே ஆகல. குழாய்தான் மடங்கிப் போச்சு. காதுக்குச் சத்தமே போகலன்னா அலை எங்கேருந்து வரும்? டாக்டர் கேட்டார், குழாய் சரியா இருக்கான்னு. காலைல பாத்ததுதானேன்னு, திரும்பிக்கூடப் பாக்காம சரியா இருக்குன்னுட்டேன். எல்லாம் முடிஞ்சு மூடின துணிய எடுக்கும்போது பாக்கறேன், துணியில மாட்டின கிளிப்புக்கு அடியில நசுங்கிக் கிடக்கு. அந்தத் துண்டையும் எடுத்திருக்கலாம். என்னாலதான் உள்ள நிக்குது. நேத்து எனக்கு வாயே வரல. இப்பதான் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழ முடியாத உடம்பு எழப் பார்த்தது. கும்பிட்ட கைகளை வீட்டுக்காரர் இறக்கவேயில்லை. "இத ஏன்மா எங்ககிட்ட சொல்றீங்க?" என்று மெதுவாக ஆரம்பித்தவர், அடுத்த நிமிடம் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். இதைக் கேட்பதற்கா இந்தக் காது பிழைத்தது என்று நினைத்தேன். அக்கா காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அவர் கத்தி முடிக்கும்வரை நின்றார்.

விட்டுவைத்த துண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்த வருட ஸ்கேனில் வளர்ந்திருந்தது.

"வேற ஆஸ்பத்திரி பாப்போம்" என்றார் வீட்டுக்காரர்.

"அங்கதான் பண்ணணும். அந்த அக்காதான் உக்காரணும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"குழாய் மடங்குச்சுன்னு வேற யாரு வந்து நம்மகிட்ட சொல்லுவாங்க?"

அவர் ஸ்கேனை மறுபடி உறைக்குள் வைத்தார். தைரியசாலி மாதிரி நான் பேசியதெல்லாம் வாயளவில்.

மயக்கமருந்து கொடுப்பதற்கு முன்னால் பார்த்தேன். ஒரு புது அடைப்பை எடுத்து அக்கா முதலில் தன் காதில் செருகிக் கேட்டார். சத்தம் அனுப்பும் பெட்டியிலிருந்து நுனிவரை குழாயை இரண்டு விரல்களுக்கு நடுவில் உருவினார். பிறகு இன்னொரு புது அடைப்பை மாட்டி என் காதில் வைத்தார். "காலைல பாத்தது காலையோட சரி. உள்ள எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன். டாக்டர் கத்தினா கத்திட்டுப் போகட்டும்" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் விழித்துப் படுத்திருந்தேன். எதிரே வீட்டுக்காரர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டியது போல ஒரு சத்தம். திரும்பினேன். அக்கா நின்றுகொண்டிருந்தார், கோப்பையோடு.

வீட்டுக்காரர் மூன்று விரல்களைக் காட்டினார். அக்கா மூன்று முறை சொடுக்கியிருக்கிறார். எனக்குக் கேட்டது கடைசி ஒன்றுதான்.

"கட்டி முழுசா வந்துடுச்சும்மா" என்றார் அக்கா, குனிந்து, என் இடது காதோரம். "நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கு. இந்தத் தடவ குழாய் இல்ல. நரம்புதான்."

எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்கா கோப்பையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பாதி டீயைக் குடித்தார். மீதியைத் தொட்டியில் ஊற்றினார்.