டெனியர் பார்த்து வாங்கிய ஆயில்

காஞ்சிபுரத்தில் கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மடையர்கள் என்பது சைதுனின் தீர்மானமான கருத்து. மீதிக் கால்வாசிப் பேர் டிரைவர் வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய மடத்தனம் வெளியே தெரிவதில்லை.

ஒலிமுகமதுபேட்டையில் மெக்கானிக் ஷெட்டுகளுக்கு நடுவே பத்துக்குப் பத்தில் ஒரு ஆயில் கடை. போர்டில் 'சத்தார் லூப்ரிகன்ட்ஸ்' என்று இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பாயம்மா கடை என்று கேட்க வேண்டும். பாயம்மா என்றால் சைதுன்தான். போர்டில் இருக்கிற அப்துல் சத்தார் அவள் வீட்டுக்காரர். கடை திறந்த இரண்டாம் வருஷமே ஆயில் நாற்றம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சென்னைக்குப் போய் செல்போன் கவர் விற்க ஆரம்பித்துவிட்டார். பிரியாணி வாசனை மட்டும் ஒத்துக்கொள்ளும், ரம்ஜானுக்கு ரம்ஜான் வருவார். அவரைப் பற்றி சைதுன் அதற்கு மேல் பேசுவதில்லை.

இருபத்திரண்டு வருஷமாகக் கடை அவள் கையில்தான். ஆரம்பத்தில் அவளுக்கும் ஒன்றும் தெரியாதுதான். பக்கத்து ஷெட் ஆனந்தராஜ் இன்ஜினைப் பிரித்துப் போடும்போதெல்லாம் போய் நின்று, எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று கேட்டுக் கேட்டு அவன் உயிரை வாங்கித் தெரிந்துகொண்டாள். இப்போது வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே அதற்கு என்ன ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவாள். யாராவது சந்தேகமாக இழுத்தால் ஒரே பதில்தான்: “என் கடை ஆயிலால ஒரு இன்ஜின் போச்சுன்னு இந்த ஊர்ல எவனாச்சும் சொல்லட்டும், அன்னிக்கே ஷட்டரை இழுத்துட்றேன்.” கடையில் இருக்கிற சரக்கையெல்லாம் விட அவளுக்குப் பெரிய சொத்து அந்த வாக்கியம்.

வருகிறவர்கள் லட்சணம் இப்படி. முசரவாக்கத்திலிருந்து ஒருத்தர் பானெட்டில் கட்சிக் கொடியோடு வருவார். எந்த ஆயில் என்றெல்லாம் கேட்க மாட்டார். இருப்பதிலேயே விலை ஜாஸ்தியானதைக் கேட்பார். இன்னொருத்தர் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், ரசம் வைக்கிற மாதிரி. லோகேஷ் என்று ஒரு கம்ப்யூட்டர் பையன் போனில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் வீடியோவைக் காட்டி அதே ஆயில் வேண்டும் என்று நின்றான்.

“அந்த ஆளு ஊர்ல பனி கொட்டுதுபா. உங்க ஊர்ல இன்னா கொட்டுது?” என்று கேட்டாள் சைதுன். அவன் அதற்கும் போனில் பதில் தேடினான்.

அவள் கேட்பது மூன்றே கேள்வி. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, புகை விடுகிறதா, ஆயில் குறைகிறதா. டப்பாவில் இருக்கிற இரண்டு எண்ணில் முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று சொல்வது. எண் சின்னதானால் சீக்கிரம் ஓடும். காஞ்சிபுரத்தில் அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம். இரண்டாவது எண், இன்ஜின் கொதிக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. புது இன்ஜினில் இடைவெளி மயிரிழைதான், நீர்த்த ஆயில் போதும். மூன்று லட்சம் ஓடின இன்ஜினில் எல்லாம் தேய்ந்து இடைவெளி விட்டிருக்கும். அங்கே கெட்டி ஆயில்தான் நிற்கும். நீர்த்தது வழிந்து எரிந்து புகையாய்ப் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள முடியாத ஜனங்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது அவளுக்கு விளங்காத புதிர்.

போன ஐப்பசியில் ராமலிங்கம் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷமாகப் பட்டு நூல் வியாபாரம். அவரிடம் ஒரு பழைய குவாலிஸ் இருந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கும் திருப்பதி போகிறவர்களுக்கும் வாடகைக்கு ஓடும். அதை ஓட்டியது ஐயம்பேட்டை வெங்கடேசன். பத்தொன்பது வருஷமாக அந்த ஒரே வண்டி, அந்த ஒரே முதலாளி. வேறு வேலையும் தெரியாது, மறுத்துப் பேசவும் தெரியாது.

“பாயம்மா, குவாலிஸுக்கு ஆயில். நல்ல சரக்கா காட்டு.”

“எத்தினி கிலோமீட்டர்ண்ணா ஓடியிருக்குது?”

ராமலிங்கத்துக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற வெங்கடேசன்தான், “மூணே கால் லட்சம்க்கா. காத்தால ஸ்டார்ட் பண்ணா பொகை வருது. ஆயிலும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தான்.

“நீ கம்முனு இருபா. நான்தான் பேசிக்கினு இருக்கேன் இல்ல?”

ராமலிங்கம் அதட்டியதும் வெங்கடேசன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

சைதுன் இருபது-ஐம்பது டப்பாவை எடுத்து வைத்தாள். ராமலிங்கம் எண்ணைப் பார்த்ததும் முகம் சுளித்தார். திறந்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சொட்டு வாங்கி, நூல் பார்க்கிற மாதிரியே கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்தார். பிறகு ஷெல்ஃபை நோட்டம் விட்டார். மேல் தட்டில், புது கார்களுக்காக வைத்திருந்த ஜீரோ-இருபது டப்பாவில் கண் நின்றது.

“அத்த எடு. அதுதான் ஃபைன் சரக்கு.”

“அது புது வண்டிக்குண்ணா.”

“எனக்கே சொல்றியா? இருவது-இருவத்திரண்டு டெனியர்னா சாதா நூலு. பதிமூணு-பதினஞ்சுன்னா ஃபைனு, வெலையும் ஜாஸ்தி. நம்பர் கொறையக் கொறைய சரக்கு ஒசத்தி. இது ஜீரோவிலயே ஆரம்பிக்குது. நீ எடுத்து வச்சது அம்பது, சாக்குத் தைக்கிற நூலு மாதிரி இருக்குது.”

பட்டு நூலின் மெலிசைச் சொல்கிற கணக்கு டெனியர். அந்தக் கணக்கில் மனுஷர் புலி. அதற்காக இன்ஜின் ஆயிலுக்கு டெனியர் பார்த்த ஆளை சைதுன் அன்றுதான் பார்த்தாள். அடக்கிக்கொண்டு விளக்கலாம் என்றுதான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “விக்காத தடி சரக்கை என் தலையில கட்டப் பாக்கிறே. நானும் கடை வச்சவன்தாம்மா. எனக்குத் தெரியாத வித்தையா இது?”

அவளுக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் சொல்லாத பேச்சு. நியாயமாக அவள் அங்கே வெடித்திருக்க வேண்டும். தெருவே அதற்குத் தயாராக இருந்தது. ஆனந்தராஜ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்த்தான். ஆனால் இந்த ஆளுக்காக வாயை வலிக்க வைப்பதா என்று தோன்றிவிட்டது. போ, கொண்டு போய் ஊற்று, இன்ஜின் கட்டை மாதிரி நின்ற பிறகு இங்கேதானே வருவாய், அப்போது ஒரே வார்த்தை கேட்கிறேன். 'இன்னாண்ணா, ஃபைன் சரக்கு நல்லா ஓடிச்சா?' அந்தக் கேள்வி அப்போதே தயாராகிவிட்டது.

பின்னால் வெங்கடேசன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாலேயே என்னவோ கெஞ்சினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. ஐம்பது வயசு ஆம்பிளை, தினம் ஓட்டுகிற வண்டி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முதுகெலும்பு இல்லை. இவனுக்கும் வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

ஜீரோ-இருபது டப்பாக்களை இறக்கித் துடைத்துக் கொடுத்தாள். “எடுத்துக்கினு போங்க,” என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

தை மாசம் ஆனந்தராஜ் சேதி சொன்னான். ஆயில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெங்கடேசன் சொன்னதற்கு, புது ஆயில் அழுக்கைக் கரைக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றாராம் ராமலிங்கம். திருப்பதியிலிருந்து திரும்பும்போது திருத்தணி தாண்டி ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. நிறுத்தட்டுமா என்று வெங்கடேசன் கேட்டிருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டு என்று முன் சீட்டிலிருந்து உத்தரவு. அரக்கோணம் வருவதற்குள் டக டக என்று அடித்து இன்ஜின் இறுகிப்போனது. வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது.

சைதுன் காத்திருந்தாள். தினம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்தக் கேள்வியை ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ராமலிங்கம் வரவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் வந்தது வெங்கடேசன். தலையில் ஏதோ ஒரு பட்டுக்கடையின் பெயர் போட்ட தொப்பி, சட்டைப் பையில் விசிட்டிங் கார்டுக் கட்டு, கையில் ஒரு பழைய மொபெட். செவிலிமேட்டுப் பக்கம் வெயிலில் நின்று, வெளியூர்க் கார்களைக் கைகாட்டி மறித்துப் பட்டுக்கடைக்கு இழுத்துப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தை சைதுன் மனுஷக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. இவன் இப்போது அதில் சேர்ந்திருக்கிறான்.

ஐந்து மாசமாக வாயில் ஊறிக்கொண்டிருந்தது, ஆள் மாறியும் அடங்கவில்லை. “இன்னாபா, உங்க மொதலாளியோட ஃபைன் சரக்கு நல்லா ஓடிச்சா?”

வெங்கடேசன் சிரிக்கப் பார்த்தான். “அவருக்கு இன்னாக்கா, மாப்பிள்ளை கார்ல போயிக்கினு வந்துக்கினு இருக்காரு. வண்டி இல்லன்னு என்னைத்தான் அனுப்பிட்டாரு.”

“உனக்கு அன்னிக்கே தெரியுமில்ல? வாயில இன்னா கொழக்கட்டையா வச்சிருந்தே?”

“நான் சொல்லி எதைக் கேட்டிருக்காருக்கா? அதுக்காகத்தானே உங்க கடைக்கு இட்டாந்தேன்.” அவன் மொபெட் சீட்டைத் தட்டிக்கொண்டே பேசினான். “அவரு ரங்கசாமி குளத்துக் கடையிலயே வாங்கிக்கலாம்னாரு. பாயம்மா கடைதான் சுத்தம்னு சொல்லி நான்தான் இங்க கூட்டிக்கினு வந்தேன். நீங்கதான் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா நாலு திட்டுத் திட்டி, சரியானதைக் குடுத்து அனுப்புவீங்களே. அன்னிக்கின்னு பாத்து ஒண்ணுமே சொல்லலியேக்கா.”

அவன் குரலில் கோபம் இல்லை.

“மொபெட்டுக்கு பெட்ரோல்ல கலக்கற ஆயில் வேணும்க்கா,” என்றான்.

அவள் எழுந்து போய் எடுத்தாள். தேதியைப் பார்த்தாள், மூடியைத் திருகிப் பார்த்தாள், எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். அவன் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான்.

“இன்னா ஆயில்னு பாக்கலியாபா?”

“எதுக்குக்கா? நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்.”

மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு செவிலிமேட்டுப் பக்கம் போனான்.

சாயங்காலம் ஒரு ஆள் பழைய ஆம்னியோடு வந்தான். டப்பாவைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “இத்த ஊத்தினா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று இழுத்தான். ஆனந்தராஜ், வழக்கமான பதிலைக் கேட்கத் திரும்பிப் பார்த்தான். சைதுன் வாயைத் திறந்தாள். ஷட்டரை இழுக்கிற அந்த வாக்கியம் வரவில்லை.