அலுமாரிக் கதவின் பட்டி

பாரிசவாதம் வந்து என் கணவரின் பேச்சு நின்றபோது, கல்யாண வீடொன்றுக்கான அலுமாரி எங்கள் கொட்டிலில் அரைகுறையாக நின்றது. கதவு இரண்டிலும் சுற்றிவரப் பள்ளமாகக் காடி தோண்டியிருந்தார். அதற்குள் பதிக்கும் பட்டிதான் இல்லை. கறுப்பும் வெள்ளையுமான மெல்லிய மரத்துண்டுகளைக் கட்டம் கட்டமாக ஒட்டி, விரல் அகலத்துக்கு நறுக்கிய பட்டி. அதை எங்கே வாங்குகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மீன் வாங்கிய இடத்தைக் கேட்பேன். பட்டி வாங்கிய இடம் எனக்கெதற்கு?

கல்யாணப் பெண்ணின் வாப்பா வந்து, வேறு ஆளிடம் கொடுத்து முடிக்கட்டுமா என்று கேட்டார். இவர் கடைசியாகத் தொட்ட வேலையை இன்னொருவன் கைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நாங்களே முடிச்சுத் தாறம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பட்டிக்கு எங்கே போவதென்று யோசித்தேன்.

புத்தளத்து ஹாட்வெயார்க் கடையில் பட்டி என்றதும், பலகை விளிம்பில் ஒட்டுகிற பிளாஸ்டிக் நாடாவைத் தந்தார்கள். சிலாபத்தில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டதற்குப் படச் சட்டத்துக்கு அடிக்கிற சட்டம் வந்தது. மகள் ஃபோனில் தேடினாள். அதில் விதவிதமாகக் கிடந்தன. ஆனால் விற்கிறவன் இலங்கைக்கு அனுப்பமாட்டானாம். பிறகு எதற்கு எனக்குக் காட்டுகிறான்?

வாங்கியதையெல்லாம் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றையும் இயங்குகிற கையால் தள்ளிவிட்டார். பிறகு சுட்டுவிரலை, தொழுகையில் கலிமாவுக்கு நீட்டுகிற அந்த விரலை, மேலே நீட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. மௌத்தாகப் போகிறார், உயிர் பிரிகிற நேரம் அல்லாஹ் ஒருவன் என்றுதான் விரல் நீட்டுகிறார் என்று நினைத்து, காதருகே குனிந்து அழுதழுது கலிமாச் சொல்லிக்கொடுத்தேன். அவரோ இல்லையென்று தலையை ஆட்டிக் கட்டிலை அடித்தார். கலிமாவுக்குக் கோபப்படுகிற மனிசனை நான் என்னவென்று நினைப்பது?

மகள்தான் விரல் போன வழியே பார்த்தாள்.

"உம்மா, வாப்பா கூரையக் காட்டுறார்."

கூரையைத் தாங்குகிற வளை மரத்தோடு ஒரு தண்ணீர்க் குழாய் கட்டிக் கிடந்தது. வேலைக்கு உதவாத மிச்சக் குழாய், எறியுங்கள் என்று நான் எத்தனையோ தரம் ஏசியது. கதிரையில் ஏறி அவிழ்த்தேன். இரண்டு வாயிலும் துணி அடைத்திருந்தது. உள்ளே, கடற்காற்றின் ஈரம் படாமல் தாளில் சுற்றிய பட்டிகள்.

"நீங்களே செஞ்சதா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"ஓம், வாயிருக்கக்குள்ள இதச் சொல்லியிருந்தா என்ன?" என்று ஏசினேன். ஒரு பக்க வாயால் சிரித்தார்.

நானும் மகளும் பசை தடவிப் பதித்தோம். அவர் பக்கத்தில் சாய்ந்திருந்து, வளைந்த இடத்தையெல்லாம் தட்டித் தட்டிக் காட்டினார். அலுமாரி கல்யாண வீட்டுக்குப் போனது.

கொஞ்ச நாளில், ஒரு காலையில், மறுபடியும் விரலை நீட்டினார். இந்தமுறை நான் பயப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, வளை நெடுகத் தடவினேன்.

"இங்க ஒண்டும் இல்லயே. எங்க வச்சீங்க?"

விரல் இறங்கவில்லை. மகள் அவர் காதருகே குனிந்து கலிமாச் சொல்லத் தொடங்கியபோது, நான் இன்னும் கதிரையில் நின்று தேடிக்கொண்டிருந்தேன்.