அடங்காப்பிடாரி

அம்மாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்த பிறகு, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வெள்ளானூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். வந்த சில நாளிலேயே அம்மாவுக்கு அடங்காப்பிடாரி என்று பேர் வைத்துவிட்டார். சோற்றைத் துப்பினாலும் அந்தப் பேர்தான், சீப்பை விட்டெறிந்தாலும் அந்தப் பேர்தான். அவர் குரலில் கோபம் இருக்காது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பிடாரி என்பது ஊர் எல்லையில் நிற்கிற உக்கிரமான அம்மன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் நன்மை வாங்குகிற வீட்டில் அந்தப் பேர் எதற்கு என்று நினைக்கிறார் போலும் என்றிருந்தேன். கேட்டபோது வேறு சொன்னார்.

"நாப்பது வருஷத்துல என்னை ஒரு வார்த்த எதிர்த்துப் பேசினதில்லம்மா அவ. அவளப் போயி இப்படிச் சொல்றாங்களே."

அந்தச் சொல்லைப் பெண்களுக்குத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆண் கத்தினால் கோபக்காரன். அதோடு சரி.

ஒருநாள் அக்கா துணி உலர்த்தப் போன நேரத்தில் அம்மா வெளியே போய்விட்டாள். எங்கள் முத்தாபுதுப்பேட்டை முழுக்கத் தேடினோம். சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டர், அம்மா கழுத்தில் நாங்கள் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து போன் செய்தார். நானும் அக்காவும் ஓடினோம். மெட்ரோ தூணடியில், நைட்டிமேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்த அக்காவைக் கடித்தாள். கொஞ்சம் தணிந்ததும், ஏம்மா இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"சும்மாத்தான். யாரையும் கேக்காம வந்தேன்," என்றாள்.

அக்கா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "நான் சொல்லல? சரியான அடங்காப்பிடாரி கீது இது," என்றார். அம்மா சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

அப்பா மறுநாள் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னார். மாத்திரையைக் கூட்டி எழுதிக்கொடுத்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு முறை வெளியே போய் லாரி எதிரே நின்றால் என்ன செய்வது?

இரண்டு வாரத்தில் அம்மா படுக்கையோடு ஆனாள். இனி தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அப்பா அக்காவை நிறுத்திவிட்டார். போகும்போது அக்கா அம்மாவின் தலையை வாரிவிட்டு, காதருகே குனிந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரிக்கிற உறவுக்காரர்களிடம் அப்பா, இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை என்கிறார். ஊட்டினால் அம்மா வாயைத் திறக்கிறாள். நிறுத்தினால் மூடிக்கொள்கிறாள்.