கார்கமோவுக்கு நிபால்டோ சொன்ன ஆஜர்

எலூதெரியோ கார்கமோவின் தொண்டையைத் தெரியாதவர்கள் வல்பராய்சோ துறைமுகத்தில் கிடையாது. மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்தான். தொடை எலும்பை வெட்டும்போது கத்திச் சத்தத்தைவிட அவன் வாய்ச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அவன் மனைவி மிரேயா கல்யாணத்தன்று ராத்திரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுத்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. சொன்னவளும் பார்த்திருக்க முடியாது.

தீ என்று சங்கு ஊதிவிட்டால் ஈரலைத் தராசிலேயே போட்டுவிட்டு ஓடிவருவான். எங்கள் ஊரில் தீயணைக்கிறவனுக்குச் சம்பளம் இல்லை. சந்தா கட்டி நெருப்புக்குள் போகிற பைத்தியங்கள் நாங்கள். நான் வண்டி ஓட்டி; பம்பும் என் பொறுப்பு. கார்கமோ குழாயைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போகிறவன். அவனுக்குப் பின்னால் குழாயைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நிபால்டோ, மிரேயாவின் தம்பி.

எங்கள் தீயணைப்புப் படையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கூட்டமானாலும் பெயர் கூப்பிடும்போது முதல் பெயர் பெலிசாரியோ. அவர் கூரை இடிந்து செத்தவர். பெயரைக் கேட்டதும் எல்லோரும் சேர்ந்து ‘ஆஜர்!’ என்று கத்துவோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் குட்டி போட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கும் பக்கத்தில் இருப்பவன் ஆஜர் சொல்ல ஆரம்பித்தான். நிபால்டோ தாமதமாக வந்தால் கார்கமோ சொல்வான். கார்கமோ பின்கட்டில் சிகரெட் பிடித்தால் நிபால்டோ சொல்வான்.

“செத்தவருக்கே சொல்றோம், சிகரெட் பிடிக்கப் போனவனுக்குச் சொல்லக் கூடாதா?” என்பான் நிபால்டோ.

ஆள் மாறிச் சொன்னாலும் கார்கமோவின் குரல் மட்டும் ஏமாற்ற முடியாதது. அவன் ஆஜர் சொன்னால் தெரு நாய்கள் எல்லாம் குரைக்கும்.

அந்தக் காலத்தில் வாக்கி டாக்கி கேப்டனிடம் ஒன்று, லெப்டினன்ட்களிடம் ஒவ்வொன்று, அவ்வளவுதான். லெப்டினன்ட் ஓரியானா பகலில் முடி வெட்டுகிறவள். ஊர் ரகசியம் பாதி அவள் கத்தரிக்கோலில் இருக்கும். அவள்தான் கூட்டத்தில் எழுந்து, உள்ளே போகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

கார்கமோ மேஜையைக் குத்தினான். “எதுக்கு? எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா கேப்டன் யார் பேச்சைக் கேட்பார்? கல்யாண வீடா அது? ஒருத்தன் ‘தண்ணி விடு’ம்பான், இன்னொருத்தன் ‘நிறுத்து’ம்பான். நடுவுல இவன் பொண்டாட்டி சாப்பாட்டுக்கு வரியான்னு கேப்பா.”

“மாட்டிக்கிட்டா எப்படிடா கூப்பிடுவே?”

“தொண்டை எதுக்கு இருக்கு?”

“உன் தொண்டைல பாட்டரி தீர்ந்தா?”

“தீர்ந்தா மிரேயா உனக்கு விருந்து வைப்பா!”

எல்லோரும் சிரித்தோம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

அதற்கு முன்னால் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல், கடற்காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. லாஸ் காப்ராஸ் மேட்டில் ஒரு மாடி வீடு எரிகிறது. பலகைச் சுவர், அதற்குமேல் தகரம். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு பூனை போகிற இடம்தான்.

நாங்கள் போவதற்குள் வேறொரு படைக்காரர்கள் தெருக்குழாயில் தங்கள் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் தண்ணீர் அடிக்கிற படைக்குத்தான் பேர்; கார்கமோ பேச்சுக்கே போகவில்லை. ஹோஸின் பித்தளை முனையால் ஒருவன் தலைக்கவசத்தில் அடித்தான். அவன் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் கார்கமோ மூக்கில் குத்தினான். இவன் தலையால் முட்டினான். அங்கே பல் ஒன்று தரையில் கிடந்தது. யாருடையது என்று இன்றைக்கும் தகராறு இருக்கிறது. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, அதன்மேலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு, “வாடா மச்சான்!” என்று நிபால்டோவை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

படிக்கட்டு ஏறும்போது ஹோஸ் வாசல் பக்கம் எங்கோ சிக்கிக்கொண்டது. எடுத்துவிடச் சொல்லி நிபால்டோவை வெளியே அனுப்பினான். அவன் வாசலைத் தாண்டியதும் சமையலறை சிலிண்டர் வெடித்தது. கதவு பறந்து தெருவுக்கு வந்தது. நிபால்டோ குப்புற விழுந்து உருண்டான். மாடி அப்படியே கீழே உட்கார்ந்தது. எரிகிற கட்டில் ஒன்று ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு வெளியே தொங்கியது.

தீ பக்கத்து வீட்டுத் தகரத்தை நக்க ஆரம்பித்தது. மீதிச் சுவரை எரிகிற பக்கமாகவே இடித்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. மூலைத் தூணில் கம்பி வடத்தைக் கட்டி, மறுமுனையை என் வண்டியில் மாட்டினார்கள். கேப்டன் சாவேத்ரா ஆள் சரிபார்க்கப் பெயர் கூப்பிட்டார். புகையில் முகம் தெரியவில்லை, குரல்தான் கணக்கு.

“கார்கமோ!”

“ஆஜர்!” என்றான் நிபால்டோ, தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்கி எடுத்தபடி. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தெருக்குழாய்ப் பக்கம் மறுபடியும் அடிதடிச் சத்தம் கேட்டது. கார்கமோ பின்வாசல் வழியாக வந்து விட்ட சண்டையைத் தொடர்கிறான் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கார்கமோ படிக்கட்டுக்கு அடியில் கிடந்தான். உத்தரம் அவன் காலை நசுக்கியிருந்தது. முகமூடிக் கண்ணாடி பிளந்திருந்தது. கத்த வாயைத் திறந்தவுடன் சூடான புகை தொண்டைக்குள் இறங்கி, அங்கிருந்ததை எல்லாம் பொசுக்கியது. காது மட்டும் வேலை செய்தது. கேப்டன் தன் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. தான் வாய் திறக்காமலே தன் பேரில் ஒரு ஆஜர் விழுந்ததும் கேட்டது. அப்புறம் என் வண்டி உறுமியது கேட்டது.

கியரைப் போட்டுவிட்டேன். வடம் விறைத்து நிமிர்ந்தது. தூண் முனகியது. அப்போது வண்டி மூக்கில் டமார் என்று ஒரு கோடாலி விழுந்தது. ஓரியானா.

“நிறுத்துடா, நாசமாப் போறவனே! நிறுத்து!”

கேப்டன் பாய்ந்து வந்தார். “என்னம்மா பண்றே? எல்லாரும் ஆஜர்!”

“அது கார்கமோ இல்ல கேப்டன். அவன் கத்தினா மேட்டு நாயெல்லாம் குரைக்கும். ஒரு நாய் வாயைத் திறந்துச்சா?”

நாய்கள் எதிரே வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தன. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

கேப்டன் நிபால்டோவின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். “எங்கடா அவன்?” கேப்டன் விட்ட அறையில் நிபால்டோ மறுபடி தொட்டிக்குள் விழுந்தான். எழுந்தவன் கோடாலியோடு சுவரை நோக்கி ஓடினான். ஓரியானா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், தகரத்தைக் கொத்திக் கிழித்தார்கள். கைகளில் தகரம் அறுத்து ரத்தம் கொட்டியது. யாரோ தண்ணீரை அவர்கள் முதுகிலேயே அடித்தார்கள், ஆவி பறந்தது. உத்தரத்தைக் கடப்பாரையால் நெம்பி, கார்கமோவைத் தோள்வாரைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, ஆனால் கால் மாதிரி இல்லை. அவர்கள் தெருவுக்கு வந்ததும் சுவர் தானாகவே விழுந்தது.

பொசுங்கிய கையால் கார்கமோ முதலில் செய்தது நிபால்டோவின் கழுத்தைப் பிடித்ததுதான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

தள்ளிப்போட்ட கூட்டம் அவன் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் கூடியது. கார்கமோ ஊன்றுகோலோடு வந்தான். குரல் போய்விட்டது. காதோடு வாய் வைத்தால் கேட்கிற கிசுகிசுப்பு மட்டும் மிச்சம். மார்க்கெட்டில் மிரேயாதான் இப்போது கூவுகிறாள். புருஷனை மிஞ்சிவிட்டாள் என்கிறார்கள்.

அப்போதும் ஒரு பெரிய மனுஷர் எழுந்தார். “பாவம், நடந்தது நடந்துபோச்சு. ஆனா எல்லார் கையிலயும் குடுத்தா ஒரே இரைச்சலா இருக்குமேன்னு கார்கமோவே சொன்னாரே...”

கார்கமோ எழுந்து உதட்டை அசைத்தான். முன்வரிசைக்கே கேட்கவில்லை.

நிபால்டோ பதறி எழுந்தான். “மாமா என்ன சொல்றார்னா...”

ஊன்றுகோல் அவன் முழங்காலில் இறங்கியது. “ஐயோ!” என்று உட்கார்ந்தான்.

கார்கமோ நொண்டிக்கொண்டே ஓரியானாவிடம் போனான். அவள் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை உருவினான். பொத்தானை அமுக்கி வாயோடு ஒட்டிக்கொண்டான். மண்டபத்தின் மறுகோடியில் கேப்டன் மார்பிலிருந்த பெட்டி ஒரு கீச்சு விட்டது. பிறகு கரகரப்பாக, ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவாகப் பேசியது:

“எல்லாருக்கும் குடு. ஒரே நேரத்துல பேசட்டும், கத்தட்டும், நாசமாப் போகட்டும். பேசாதவன் எவன்னு தெரியும்ல? அவனைத் தேடலாம்.”

பெரிய மனுஷர் உட்கார்ந்தார். கை தூக்காதவன் ஒருவனும் இல்லை. நிபால்டோ முழங்காலைத் தடவிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினான். குளிர்காலம் முழுக்க எம்பனாடா பொரித்து விற்றுத்தான் அத்தனையும் வாங்கினோம். மாவுக்குள் வைத்த கறி கார்கமோ கடையுடையது. கொஞ்சம் பழசு என்று பேச்சு.

வாக்கி டாக்கிகள் வந்த நாளில் பெயர் கூப்பிட்டார் கேப்டன். “பெலிசாரியோ!” எல்லோரும் கத்தினோம். “கார்கமோ!”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிபால்டோ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தான். கேப்டன் காத்திருந்தார். அப்புறம் எங்கள் ஒவ்வொருவர் மார்பிலும் இருந்த பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கரகரத்தன.

“ஆஜர்.”

வெளியே படுத்திருந்த நாய் மட்டும் காதைத் தூக்கியது.